முதலில் துண்டு, கடைசியில் டியூப்

முகம் கழுவியதும் சன்ஸ்கிரீன். வெளியே போனாலும் பூசு, வீட்டோடு இருந்தாலும் பூசு. மழைக்காலம், பனிக்காலம் என்று சாக்குச் சொல்லாதே. வருடத்தில் 365 நாளும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பெருநகரத் தோல் மருத்துவமனைகளில் கேட்டுக்கொண்டிருந்த இந்தக் கட்டளை ரீல்ஸ் வழியாக இறங்கி, துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரம் வரை வந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பெண்ணின் பையில் டியூப் இருக்கிறது. டியூப் இல்லாத பெண் தன் முகத்துக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோலக் கூசுகிறாள்.

எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். சூரியனின் புறஊதாக் கதிர் தோல் செல்லின் மரபணுவைச் சிதைக்கிறது. அந்தச் சேதம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் புற்றுநோயில் முடியலாம். தோல் சுருங்குவதிலும் மங்கு படர்வதிலும் வெயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. புறஊதாக் கதிர் வேறு, சூடு வேறு. ஆகவே குளிர்ந்த நாள் பாதுகாப்பான நாள் ஆகாது. அந்தக் கதிரில் ஒரு வகையான யு.வி.ஏ. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். நாள் பார்த்து, நேரம் பார்த்துப் பூசச் சொன்னால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள்; பல் துலக்குவதுபோல் தினசரிப் பழக்கமாக்கிவிட்டால் மறக்காது. இவ்வளவுக்கும் மேலே, முறையாக நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வும் அவர்கள் கையில் இருக்கிறது.

இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. சன்ஸ்கிரீனே விஷம், மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போதும் என்று கிளம்பியிருக்கும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். மஞ்சள் பூசியிருக்கிறாள் என்று வெயில் யாரையும் விட்டுவைப்பதில்லை. என் சண்டை, இந்த உண்மைகளைக் கோத்து அவர்கள் போய்ச் சேரும் முடிவோடு: எல்லோரும், எல்லா நாளும், எல்லாவற்றுக்கும் முன்னால் டியூப். இந்த மூன்றுமே தவறு.

ஒன்று. அந்த ஆய்வு யாருடைய தோலில் நடந்தது?

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாகாணத்து நம்பூர் என்ற ஊரில். 1992ல் 1,621 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைத் தினமும் தலை, கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மறு பாதியை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். நாலரை ஆண்டு நடந்தது. தினமும் பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. பின்தொடர்ந்து பார்த்து 2011ல் வெளியிட்ட முடிவில் மெலனோமா என்ற கொடிய வகைத் தோல் புற்றுநோயும் குறைந்திருந்தது. தோல் முதுமை 24 விழுக்காடு குறைவு என்று 2013ல் சொன்னார்கள். நல்ல ஆய்வு. தோல் மருத்துவத்தில் இப்படி ஒன்று அமைவது அபூர்வம்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் யார்? லண்டன் மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிய தோலோடு கப்பலேறிப் போய், சுட்டெரிக்கும் நாட்டில் குடியேறியவர்களின் வாரிசுகள் பெரும்பாலோர். அரை மணி வெயிலில் தக்காளிபோலச் சிவந்து கொப்பளிக்கிற தோல் அது. உலகிலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமான நாடு அது. அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து, தலைமுறை தலைமுறையாக இந்த வெயிலிலேயே விளைந்த கறுத்த தோலுக்குச் சட்டமாக்குவது எந்த ஊர் விஞ்ஞானம்?

மெலனின் என்ற நிறமி கண்துடைப்பு இல்லை. 1979ல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைத் தோலின் மேலடுக்கு யு.வி.பி. என்ற இன்னொரு வகைப் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை உள்ளே விட்டது. கறுப்புத் தோல் விட்டது நூற்றுக்கு ஏழு. நம் மாநிறம் இரண்டுக்கும் நடுவில். இந்தியாவில் தோல் புற்றுநோய் அரிது என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். கறுத்த, பழுப்புத் தோல்காரர்களின் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பு உண்டா என்று தேடிய 13 ஆய்வுகளை அமெரிக்க மருத்துவர்கள் 2021ல் தொகுத்துப் பார்த்தார்கள். 11 ஆய்வுகளில் தொடர்பே தென்படவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகக்கண்ணில் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில்தான் தொடங்கியது. 1981ல் 36 வயதில் இறந்தார். முகத்தில் பூசும் டியூப் இதில் எதைத் தடுக்கும்? உள்ளங்காலில் புதிதாகக் கறுப்புப் புள்ளி தோன்றிப் பரவினால் மருத்துவரிடம் காட்டு என்று சொல்லும் ஒரு ரீல்ஸையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இதில் வேடிக்கை, ஆஸ்திரேலியாக்காரர்களே தங்கள் அறிவுரையைத் திருத்திக்கொண்டுவிட்டார்கள். 2024ல் அந்நாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கை மக்களைத் தோல்நிறப்படி மூன்றாகப் பிரிக்கிறது. மிகக் கறுத்த தோல்காரர்கள் நெடுநேரம் வெயிலில் நிற்காத வரை அன்றாடப் பாதுகாப்புக்கு அவசியமில்லை என்கிறது. நாம் அவர்கள் கழற்றிப் போட்டதை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள், லூபஸ் நோயாளிகள், வெயிலில் தோலைக் கூசவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்குச் சன்ஸ்கிரீன் தினசரி மருந்து. நிறமி இல்லாமல் பிறந்த கிராமத்துக் குழந்தைக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒருவரும் குரல் கொடுக்கக் காணோம். மற்றவர்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை சத்தம்.

இரண்டு. "குளிர்காலத்திலும்" என்கிறீர்களே, எந்தக் குளிர்காலம்?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு பாதி சரி. ஆனால் அவர்கள் நினைக்கிற காரணத்தால் இல்லை. மார்கழியில் வெயில் உறைக்காது, ஆகவே பயமில்லை என்று நம்மூரில் சொல்வது சுத்தப் பிசகு. உப்பிலியபுரம் பூமத்திய ரேகைக்கு 11 பாகையும் சொச்சமும் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். டிசம்பரில் தெற்கே சாய்ந்திருக்கும்போதும் நண்பகலில் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஐந்தரை அடி ஆளின் நிழல் அப்போது நான்கடிகூட இராது. அதே நாள் நண்பகலில் லண்டனில் அதே ஆளின் நிழல் 20 அடி. உலக சுகாதார நிறுவனம் புறஊதாக் குறியீடு மூன்றைத் தொட்டால் கவனம் தேவை என்கிறது. டிசம்பர் லண்டனில் அது ஒன்றைத் தாண்டுவதே அபூர்வம். இங்கே மேகமில்லாத மார்கழி நண்பகலில் எட்டை ஒட்டி நிற்கும். இதைக் குளிர்காலம் என்று சொல்லி வாதாடுவது காலண்டரைப் பார்த்துத்தானே ஒழிய வானத்தைப் பார்த்து இல்லை.

அப்படியானால் தினமும் பூசத்தானே வேண்டும்? இல்லை. மாதத்தை விட்டுவிட்டு மணியைப் பார்க்க வேண்டும். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும் விடியற்காலையில் வரிசையில் நிற்கிறவருக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். புறஊதாக் கதிர் அங்கே பூஜ்யம். அதே நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்த மணல்வெளியில் நிற்கிறவருக்குத் தலைமேல் ஏதாவது வேண்டும், பனி பெய்கிறதே என்று ஏமாறக் கூடாது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப்போல இரு மடங்குக்கு மேல் நீண்டிருக்கும்வரை கவலை இல்லை. நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் ஒதுங்குங்கள், அல்லது போர்த்திக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்குப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்கும் உச்சி வெயிலில் களை வெட்டும் பெண்ணுக்கும் ஒரே கட்டளை போடுவதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

மூன்று. வீட்டுக்குள்ளும் பூச வேண்டுமாம், கைபேசி வெளிச்சத்துக்கும் பூச வேண்டுமாம்.

கைபேசித் திரையின் நீல ஒளி பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. பயமுறுத்தி விற்பதைத் தவிர இதில் வேறு சங்கதி கிடையாது. ஜன்னல் கண்ணாடி விஷயம் மட்டும் மெய். 28 ஆண்டு லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் பாட்டனாரைப்போலச் சுருங்கிக் கிடக்கும் படம் 2012ல் மருத்துவ இதழொன்றில் வந்து உலகம் சுற்றியது. எனவே திருச்சி–துறையூர் பேருந்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவரின் வலக் கன்னத்தைப் பற்றிப் பேசினால் நானும் கேட்பேன். ஓட்டு வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசினால் கேட்க மாட்டேன்.

நான்கு. பூசச் சொல்கிறவர்கள் கணக்கு மட்டும் சொல்வதில்லை.

டியூபின் மேல் எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருக்கிறதே, அந்த எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதிக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்குமாக ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் அந்த அளவு வரும். பட்டாணி அளவு தொட்டுத் தடவினால் 50 என்ற பேச்சே இல்லை. சரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதைக்கூட விட்டுவிடுவோம். நாளுக்கு இரண்டே தடவை, நாலு பேர் குடும்பம். மாதம் 240 கிராம். 50 கிராம் டியூப் ஐந்து. ஒன்று 400 ரூபாய் என்று வைத்தால் இரண்டாயிரம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு குடும்பத்தின் முகப்பூச்சுக்கு மாதம் ஆறு நாள் கூலி! வருடம் முழுக்க வாங்கினால் 72 நாள் கூலி; அந்த வேலையே அப்போது வருடத்துக்கு நூறு நாள்தான்.

நடப்பது வேறு. வாங்கிய ஒரு டியூபை ஆறு மாதம் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பூசுவார்கள். பூசியிருக்கிறோமே என்ற தைரியத்தில் குடையை வீட்டில் விட்டுவிட்டு வெயிலில் நிற்பார்கள். பாதுகாப்பு கூடவில்லை, தைரியம் மட்டும் கூடிவிட்டது.

அந்த எண்ணையாவது நம்பலாமா? ஆஸ்திரேலியாவில் சன்ஸ்கிரீனை மருந்துக்குரிய கண்டிப்போடு நடத்துகிறார்கள். அங்கேயே 2025ல் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்ததில் 16 தம் மேலட்டையில் சொன்ன எண்ணை எட்டவில்லை. இந்தியாவில் அது முகப்பவுடரோடும் உதட்டுச் சாயத்தோடும் சேர்ந்த அழகுசாதனப் பொருள்.

ஐந்து. வெயிலில் நிற்பது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி வாதம் உதிர்ந்துவிடும். ஊரிலேயே அதிகமாக வெயில் படுவது கல்லூரி மாணவியின் முகத்தில் இல்லை. சின்ன வெங்காயக் காட்டில் குனிந்து களை எடுக்கும் பெண்கள், மரவள்ளி பிடுங்கும் ஆட்கள், ஆடு மேய்க்கும் கிழவர், சாலையில் தார் கொட்டுகிறவர்கள் ஆகியோரின் மேல் படுகிறது. அந்தப் பெண்ணிடம் போய், "வேர்வையைத் துடைத்துவிட்டு, மண் கையைக் கழுவிவிட்டு, இரண்டு மணிக்கு ஒரு தடவை பூசுங்கள் அக்கா" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சிரிப்பார். அவர் ஏற்கெனவே செய்திருக்கிற ஏற்பாடு இதைவிட மேலானது. சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. தலையிலிருந்து நெற்றியை மறைத்து, காதையும் கழுத்தையும் சுற்றி இறுக்கிய துண்டு. அது வேர்வையில் வழியாது, காலாவதி ஆகாது, அடித்துத் துவைத்தால் மறுநாளும் வரும். கெட்டியான, சாயம் ஏறிய பருத்தி கதிரை நன்றாகவே தடுக்கும்; வெளுத்து நைந்துபோன மெல்லிய துணி அவ்வளவு தடுக்காது. சொல்ல வேண்டிய அறிவுரை இருந்தால் இதுதான்: நைந்த துண்டை மாற்றுங்கள், இரண்டாக மடித்துக் கட்டுங்கள்.

குடைக்கும் கணக்கு உண்டு. 2013ல் அமெரிக்காவில் சோதித்தபோது சாதாரணக் கைக்குடைகள் புறஊதாக் கதிரில் முக்கால் பங்குக்குமேல் தடுத்தன, கறுப்புக் குடைகள் 90 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. இதற்கு எதிராக ஓர் ஆய்வும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். டெக்சாஸில் ஏரிக்கரை மணலில் மூன்றரை மணி நேரம் குடைக்கீழ் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு 78 பேருக்குத் தோல் வெந்தது. சன்ஸ்கிரீன் மட்டும் பூசியவர்களில் 25 பேருக்கு. மணலும் தண்ணீரும் திறந்த வானமும் பக்கவாட்டில் கதிரை அனுப்பும் என்பது அதன் பாடம். வெயிலில் எளிதாக வேகும் தோல்காரர்கள் நாள் முழுக்கக் கடற்கரையில் கிடப்பதற்கு அது பொருந்தும். கடைத்தெருவுக்குப் போய்வரும் நம் வீட்டுப் பெரியம்மாவுக்குக் கறுப்புக் குடை போதும்.

கண் என்று ஒன்று முகத்தில்தானே இருக்கிறது? வெயிலில் உழைப்பவர்களுக்குக் கருவிழியை நோக்கிச் சதை வளர்கிறது. கண்புரைக்கும் புறஊதாக் கதிர் ஒரு காரணம். சன்ஸ்கிரீன் கண்ணுக்குள் போடுகிற சரக்கு இல்லை. நெற்றிக்கு முன்னால் நீண்ட விளிம்பு வைத்த தொப்பியோ, இழுத்துவிட்ட முக்காடோ, கண்ணாடியோ வேண்டும். தோல் கறுப்பதற்குப் பதறுகிற பிரச்சாரத்தில் பார்வை மங்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆஸ்திரேலியா 1981ல் தொடங்கிய புகழ்பெற்ற பிரச்சாரத்தின் வரிசையைப் பாருங்கள். முதலில் சட்டை, பிறகு கிரீம், பிறகு தொப்பி. பின்னாளில் நிழலும் கண்ணாடியும் சேர்ந்தன. ஐந்தில் ஒன்று கிரீம். நம்மூருக்கு வந்து சேரும்போது மற்ற நான்கும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன, விற்கக்கூடிய ஒன்று மட்டும் பத்திரமாக வந்திருக்கிறது.

ஆறு. புற்றுநோய் என்பது மேல்பேச்சு. கறுத்துவிடுவோம் என்பதே அடிப்பேச்சு.

1975ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்த நிறத்தை 2020ல் எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. சிவப்பழகு என்று வெளிப்படையாக விற்பது இப்போது கூச்சம். ஆனால் ஆசை செத்துவிடவில்லை, வேறு டியூபுக்குக் குடிபோயிருக்கிறது. விளம்பரங்களைக் கூர்ந்து கேளுங்கள். புற்றுநோய் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது, 'டேன்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது? வெயிலில் தோல் கறுப்பது நோயே இல்லை. கதிர் உள்ளே போகாமல் உடம்பு தானே விரிக்கிற குடை அது. அதை 'நீக்க' வேண்டிய அழுக்காகக் காட்டியதும், விளையாட்டு மைதானத்துக்குப் போகிற பெண்பிள்ளையைப் பார்த்து "கறுத்துப் போயிடுவே, உள்ள வா" என்று சொல்லும் அம்மாவுக்கு அறிவியல் துணை கிடைத்துவிடுகிறது. கபடி நின்றுபோகிறது.

இதைவிட மோசமான ஒன்று சிற்றூர் மருந்துக்கடைகளில் நடக்கிறது. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கி, முகம் வெளுக்கும் என்று மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் வெளுக்கிறது. பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயிலைக் கண்டாலே எரிகிறது. இந்தக் களிம்புகளைச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று 2018ல் அரசு உத்தரவு போட்டும் ஓயவில்லை. முகம் வெயில் தாங்கவில்லை என்று வருகிறவரிடம் சன்ஸ்கிரீனைக் கொடுக்குமுன், இதுவரை என்ன பூசினாய் என்று கேட்பவரே மருத்துவர்.

மங்கு விஷயத்தில் மட்டும் டியூபுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை. நம் நிறத்தோலில் மங்கைக் கிளறுவது புறஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். பூசினால் தெரியவே தெரியாத கிரீம் அந்த ஒளியைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து, தோல்நிறத்தில் வரும் வகையே தடுக்கும். மங்கு உள்ளவர் அதைத் தினமும், மார்கழியிலும், தாராளமாகப் பூசட்டும். ரீல்ஸில் கொண்டாடப்படுவதோ வெண்திட்டு விழாத, நிறமே தெரியாத கிரீம்!

கடைசியாக அவர்கள் கையில் மிஞ்சுவது பழக்க வாதம். ஜனங்களுக்கு யோசிக்கத் தெரியாது, ஆகவே யோசிக்காமல் தினமும் பூசச் சொல்வதே நல்லது என்பது அதன் சாரம். முகூர்த்தத்துக்கு நேரம் பார்க்கத் தெரிந்த ஜனங்களுக்கு நிழலைப் பார்க்கத் தெரியாதா? பழக்கமே வேண்டுமென்றால் வெளியே இறங்கும்போது குடையையோ துண்டையோ எடுப்பதைப் பழக்கலாம். சுருக்கம் தள்ளிப்போகட்டும் என்று வாங்கிப் பூசுகிறவரோடு எனக்கு வழக்கில்லை. அது அவர் முகம், அவர் காசு. அதைப் பூசாதவர் உடம்பைக் கவனிக்காதவர் என்று தீர்ப்பெழுதுவதுதான் ஆகாது.

நிழல் கொடுப்பது தனியாள் பொறுப்பு மட்டும் இல்லை என்பதும் இந்தப் பேச்சில் மறைந்துபோகிறது. நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேலைத்தளத்தில் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் இளைப்பாற நிழலும் இருந்தாக வேண்டும் என்று எழுதியது. வருடம் இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த தடவை ஏரிவேலைப் பக்கம் போனால் அந்தப் பந்தல் எங்கே என்று கேளுங்கள். உச்சி வெயிலுக்கு முன் வேலையை முடிக்க ஊராட்சியிடம் நேரம் மாற்றிக் கேளுங்கள். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேளுங்கள், வெட்டிய புளியமரத்துக்குப் பதில் மரம் கேளுங்கள். இவையெல்லாம் கிடைத்த பிறகும் முகத்துக்கு ஏதாவது பூச வேண்டியிருந்தால், அப்போது டியூபைப் பற்றிப் பேசலாம்.